சுருட்டுப் பாய் இறங்க மறுக்கும்போது

கேள்வி: ஆன்டாரியோ ஏரியில், கனடாவின் ஹாமில்டன் பக்கம், 1982-இல் கட்டிய 27 அடிப் பாய்ப்படகு ஒன்றை இந்தக் கோடையில் வாங்கினேன். முன்பாய் பழைய ரோலர் ஃபர்லர் (பாயைச் சுருட்டி வைக்கும் கருவி) ஒன்றில் சுருண்டபடியே இருக்கிறது. பல வருடமாக அதைக் கழற்றியதே இல்லை என்றார் விற்றவர். அக்டோபரில் படகைக் கரையேற்ற வேண்டும். பாயை விரித்து, அதை ஏற்றும் கயிறான ஹால்யார்டைத் தளர்த்தினேன். இரண்டடி இறங்கியது, அப்புறம் நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. மறுபடி மேலே ஏற்றிச் சுருட்டிவிட்டேன். கீழே இருக்கும் பின்னை உருவி எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கிவிடலாமா?

பதில்:

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. அந்தப் பின்னைத் தொடவே தொடாதீர்கள். சுருண்ட பாய்க்கு நடுவில் அலுமினியத்தில் நீளமாக ஒரு தண்டு போகிறதே, அதன் வயிற்றுக்குள் எஃகு வடம் ஒன்று இருக்கிறது. அதுதான் ஃபோர்ஸ்டே, பாய்மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கும் வடம். நீங்கள் உருவ நினைக்கும் பூட்டு ஊசி, அதாவது பின், அந்த வடத்தின் அடிமுனையைப் படகின் மூக்கோடு பூட்டியிருக்கிறது. அதை உருவினால் பாயோடு பாய்மரமும் வரும். விழுவது பின்பக்கமாக, நீங்கள் சுக்கான் பிடித்து உட்காரும் இடத்துக்கு நேராக. பாயைக் கழற்றுவதற்கு ஃபர்லரைக் கழற்றத் தேவையே இல்லை. அது அங்கேயே நிற்கும், துணி மட்டும் கீழே வரும்.

கையால் மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டீர்கள், மறுபடி சுருட்டியும் வைத்துவிட்டீர்கள். நல்ல வேளை. நான் என் முதல் வருடத்தில் அப்படி நிறுத்தவில்லை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

உங்களுடைய பாய் எங்கே மாட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்க, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். கீழே கயிறு சுற்றிய டிரம். அதிலிருந்து மேலே போகும் அலுமினியத் தண்டுக்கு ஃபாயில் என்று பெயர். அது ஒரே துண்டு இல்லை. பெரும்பாலும் 2 மீட்டர் அளவுத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, திருகோ ரிவெட்டோ போட்டு மூட்டியிருப்பார்கள். ஃபாயிலின் பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு பள்ளம். பாயின் முன்விளிம்பில் தைத்திருக்கும் தடித்த நாடா, தண்டவாளத்தில் ஓடும் திரைச்சீலைபோல அந்தப் பள்ளத்துக்குள் ஓடுகிறது. பாயின் தலை ஸ்விவல் என்ற வளையத்தில் மாட்டியிருக்கும். ஸ்விவல் ஃபாயிலைக் கட்டிக்கொண்டு மேலும் கீழும் நகரும். அதன் கீழ்ப்பாதி பாயோடு சேர்ந்து சுழலும்; மேல்பாதி சுழலக் கூடாது, ஏனென்றால் அதில்தான் ஹால்யார்ட் கட்டியிருக்கிறது. ஹால்யார்ட் என்பது பாயை மேலே ஏற்றும் கயிறு. நம் தோணிக்காரர்களிடம் ஆஞ்சான் என்று நல்ல சொல் இருக்கிறது. ஆனால் இங்கே கடையில் போய் அப்படிக் கேட்க முடியாது, அதனால் ஹால்யார்ட் என்றே எழுதுகிறேன்.

இதெல்லாம் பொதுவான அமைப்பு. 1982 என்றால் வேறு இரண்டு வகைகளும் இருக்கலாம். எது உங்களுடையது என்று பார்க்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

முதல் வகை, ஃபாயிலே இல்லாதது. பாயின் முன்விளிம்புக்குள் கம்பி வடத்தை வைத்துத் தைத்திருப்பார்கள். பாய் தன் கம்பியைச் சுற்றியே சுருளும். 60-களிலும் 70-களிலும் இது நிறைய இருந்தது. அடையாளம் சுலபம்: சுருண்ட பாய்க்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, வெறும் ஃபோர்ஸ்டே ஒன்று தனியாகப் போகும். இந்த வகையில் பாயைச் சுருட்டியபடியே வைத்து ஹால்யார்டை விட்டால் மொத்தச் சுருளும் மலைப்பாம்பு மாதிரி கீழே வரும். பெரிய வட்டமாக வளைத்து வைக்க வேண்டும். இறுக்கி மடித்தால் உள்ளே கம்பி முறிந்துபோகும். பக்கத்தில் தனி ஃபோர்ஸ்டே இல்லை என்றால் பாய்மரத்தைப் பிடித்திருப்பது அந்தப் பாயின் கம்பிதான் என்று அர்த்தம். அப்போது வேறொரு ஹால்யார்டை மூக்கில் கட்டி இறுக்கிய பிறகே கை வைக்க வேண்டும்.

இரண்டாவது வகை, ஃபாயில் பிளாஸ்டிக்காக இருக்கும். பாய்மரத்திலிருந்து அதற்கு ஹால்யார்டே போகாது. சிடிஐ என்ற பெயரில் சின்னப் படகுகளில் நிறையப் பார்க்கலாம். இதில் ஹால்யார்ட் ஃபாயிலுக்குள்ளேயே ஓடி, உச்சியில் திரும்பி, பாயின் தலைக்கு வருகிறது. இன்னொரு முனை கீழே டிரம் பக்கம் கட்டியிருக்கும். அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு, பாயைக் கீழே இழுக்க வேண்டும்; பாய் இறங்க இறங்கக் கயிற்றின் அந்த முனை ஃபாயிலுக்குள் ஏறிப் போகும். அதனால் அவிழ்த்ததும் அந்த முனையில் பாயின் உயரத்துக்குச் சமமான மெல்லிய கயிறு ஒன்றைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். மறந்தால் முனை உள்ளே போய்த் தொலைந்துவிடும், அப்புறம் பாய்மரத்தைச் சாய்க்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நீங்கள் ஹால்யார்டைத் தளர்த்தியதும் பாய் இரண்டடி வந்தது என்பதால் உங்களுடையது இதுவாக இருக்காது. இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, உங்களுடையது ஃபாயிலும் ஸ்விவலும் உள்ள வழக்கமான வகை என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது நாள். இதில் சமரசமே கிடையாது. 27 அடிப் படகில் பெரிய ஜெனோவா (பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் நீளும் முன்பாய்) என்றால் 280, 300 சதுர அடித் துணி. இறக்குவதற்கு முன் அதை முழுக்க விரித்தாக வேண்டும். காற்று பாயின்மேல் போடும் சுமைக்குப் பாய்க்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: சதுர அடியில் பரப்பு, பெருக்கல் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) அளவில் காற்று வேகத்தின் வர்க்கம், பெருக்கல் 0.00431. விடை பவுண்டில் வரும். 300 சதுர அடிக்குப் போட்டுப் பாருங்கள். 5 நாட் காற்றில் சுமார் 15 கிலோ. 10 நாட்டில் 59 கிலோ. 15 நாட்டில் 130 கிலோவைத் தாண்டுகிறது. துறையில் கட்டிய படகில் பாய் இறுகி நிற்காமல் படபடக்கும் என்பதால் இந்தச் சுமை முழுசாக வராது. ஆனால் கைப்பிடியிலிருந்து நழுவினால் என்ன வேகத்தில் போகும் என்று இந்த எண்கள் சொல்லும். எனக்கு 5 நாட்தான் எல்லை. அக்டோபரில் ஏரிக்கரையில் அது விடியற்காலையில் கிடைக்கும், பத்து மணிக்கு மேல் நம்ப முடியாது.

படகின் மூக்கு காற்றைப் பார்த்து நிற்க வேண்டும். உங்கள் துறையில் காற்று பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வந்தால் படகைத் திருப்பிக் கட்டுங்கள். இன்னும் நல்லது, யாருடைய மூரிங் மிதவையாவது ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்தால் அதில் கட்டிக்கொள்வது. மிதவையில் கட்டிய படகு தானாகவே காற்றுக்கு மூக்கைக் காட்டும். நங்கூரம் போட்டாலும் அதேதான்.

ஆள் இரண்டு பேர். ஒருவர் பாய்மரத்தடியில் ஹால்யார்டைப் பிடிக்க, ஒருவர் மூக்கில் துணியை வாங்க. பாய் பற்றித் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை, சொன்னதைக் கேட்பவராக இருந்தால் போதும். எனக்கு முதல் வருடம் உதவிக்கு வந்தது மைத்துனன். படகில் ஏறியதே அன்றுதான். “அத்தான், கயிறு தானா ஓடுது” என்று அவன் கத்தியபோது பாய் பாதி இறங்கி, பாதி ஏரிக்குள் இருந்தது. தப்பு அவன்மேல் இல்லை. கிளீட்டில் (கயிற்றைக் கட்டும் கொம்பில்) ஒரு சுற்று வைத்துக்கொண்டு மெல்ல விடு என்று நான்தான் சொல்லவில்லை.

தொடங்கும் முன் கைபேசியில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்மில் கயிறு எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது, சுருண்ட பாயில் வெயில் காப்புத் துணி எப்படி வெளியே தெரிகிறது, பாயின் முன்கீழ் மூலை டிரம்மோடு எப்படிப் பூட்டியிருக்கிறது, ஷீட் கயிறுகள் (பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிப்பவை) எந்த வழியாகப் போகின்றன. மே மாதத்தில் மறுபடி மாட்டும்போது இந்தப் படங்கள் அரைநாளை மிச்சப்படுத்தும். பாய் முழு உயரத்தில் இருக்கும்போது ஹால்யார்டில், கிளீட் பக்கத்தில், ஒரு துண்டு டேப்பும் ஒட்டிவிடுங்கள்.

பிறகு பாயை முழுக்க விரியுங்கள். விரியும்போது ஃபர்லிங் கயிறு டிரம்மில் தானாகச் சுற்றிக்கொள்ளும். அதைக் கையில் லேசாக இழுவை கொடுத்தபடி விட்டால் சிக்காமல் சுற்றும். விரிந்ததும் டிரம் மேலும் சுழலாமல் அந்தக் கயிற்றைக் கட்டிவிடுங்கள். ஷீட்டுகளைத் தளர்த்துங்கள், ஆனால் பாயிலிருந்து அவிழ்க்க வேண்டாம். படபடக்கும் பின்மூலையைப் பிடித்து அடக்க வேறு கைப்பிடி கிடையாது. அந்த மூலையில் இருக்கும் முடிச்சு முகத்தில் பட்டால் பல் போகும், அதனால் தலையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஹால்யார்டை இறக்கும் முன் அது என்ன கயிறு என்று பாருங்கள். அந்தக் காலத்துப் படகுகளில் மேல்பாதி எஃகுக் கம்பியும் கீழ்ப்பாதி கயிறுமாக இணைத்திருப்பார்கள். பழைய கம்பியில் அறுந்த இழைகள் முள்ளாக நிற்கும். கையுறை இல்லாமல் ஓடும் கம்பியைப் பிடித்தால் உள்ளங்கை கிழியும்.

எல்லாம் ஒழுங்காக இருந்தால் மிச்சம் இருப்பது பத்து நிமிட வேலை. ஒருவர் ஹால்யார்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, மற்றவர் ஃபாயிலை ஒட்டி நேராகக் கீழ்நோக்கிப் பாயை இழுப்பார். நேராகக் கீழ்நோக்கி என்பதை அடிக்கோடு போட்டு வாசியுங்கள். எல்லோரும் செய்யும் தப்பு, துணியைப் பிடித்துத் தன் பக்கமாக, அதாவது படகின் பின்பக்கமாக இழுப்பது. அப்படி இழுத்தால் நாடா பள்ளத்தின் உதட்டில் அழுந்திச் சிக்கிக்கொள்ளும், இழுக்க இழுக்க இன்னும் இறுகும். இரண்டு கையாலும் முன்விளிம்பையே பிடித்து, முழங்காலை மடக்கி, உடல் எடையைக் கீழே போடுங்கள். பள்ளத்தை விட்டு வெளியே வந்த துணியை எதுவும் படகோடு பிடித்திருக்காது, முன்மூலை ஒன்றைத் தவிர. ஆகவே வர வர அதை மடிப்பு மடிப்பாகத் தளத்தில் போட்டு, மேலே முழங்காலை வைத்துக்கொள்ளுங்கள். கட்டுவதற்கு நாலு சிறு கயிறுகள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இனி உங்கள் இரண்டடிக்கு வருகிறேன்.

பாய் நின்றது எங்கே என்பதை ஸ்விவல் சொல்லும். ஒரு பைனாகுலரை எடுத்துக்கொண்டு கரையில் இருபது முப்பதடி தள்ளி நின்று உச்சியைப் பாருங்கள். பாயை மறுபடி விரித்து, ஹால்யார்டைத் தளர்த்தி, அது எங்கே நிற்கிறதோ அங்கே விட்டுவிட்டு நண்பரை மூக்கில் நிறுத்துங்கள்.

ஸ்விவல் ஃபாயில் மூட்டு ஒன்றுக்கு நேராக நிற்கிறது என்றால் சந்தேகம் அந்த மூட்டின்மேல். நாற்பது வருட அதிர்வில் திருகு வெளியே எட்டிப் பார்க்கும், அல்லது துண்டு நழுவி இடைவெளி விட்டிருக்கும். ஸ்விவலின் உட்பக்கம் அந்தத் திருகில் இடிக்கும். இதற்கு இழுப்பது மருந்தல்ல. ஹால்யார்டை அரையடி ஏற்றி, ஃபாயிலை டிரம் பக்கத்தில் கையால் கால் சுற்றுத் திருப்பி, மறுபடி விட்டுப் பாருங்கள். ஸ்விவலின் வேறொரு பக்கம் திருகுக்கு நேராக வந்தால் சில சமயம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வரவில்லை என்றால் யாராவது மேலே ஏறித் திருகை முடுக்க வேண்டும்.

ஸ்விவல் மூட்டுக்கு நேராக இல்லை, ஹால்யார்ட் தளர்ந்து தொங்குகிறது, பாயின் மேல்பகுதி மட்டும் சுருக்கம் விழுந்து நிற்கிறது என்றால், சிக்கியிருப்பது நாடா. உங்கள் விஷயத்தில் நான் பந்தயம் கட்டுவது இதன்மேல்தான். ஆன்டாரியோ ஏரி நன்னீர், அதனால் உப்பு படிந்திருக்காது. ஆனால் தூசி, நகரத்துப் புகைக்கரி, சிலந்திக்கூடு, பறவை எச்சம் எல்லாம் அந்தப் பள்ளத்தில் வருடக்கணக்கில் மழையோடு குழைந்து பசையாகியிருக்கும். நாடாவும் வெயிலில் சொரசொரப்பாகி, தையல் விட்டு, நூல் பிசிறு பள்ளத்துக்குள் திரண்டிருக்கும். படகு முன்பு கடலில் ஓடியிருந்தால் உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மருந்து வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் பொறுமையும். எட்டும் உயரம்வரை பள்ளத்தில் சோப்புத் தண்ணீரை ஊற்றுங்கள். ஹோஸ் இருந்தால் அதற்கு மேலும் பீய்ச்சுங்கள். பத்து நிமிடம் ஊறவிட்டு, பாயை அரையடி மேலே ஏற்றுங்கள். ஆமாம், மேலே. ஏறும்போது நாடா இறுகி நேராகும், சிக்கிய பிசிறு விடுபடும். உடனே தளர்த்திக் கீழே இழுங்கள். ஒரு தடவைக்கு ஓர் அங்குலம் வந்தாலும் வெற்றிதான். என் நண்பர் ஒருவருடைய படகில் 36 அடி பாயை இறக்க இப்படி மூன்று மணி நேரம் ஆனது. தனியாக இழுக்கத் தெம்பு போதவில்லை என்றால், முன்விளிம்பில் இறங்கி வந்த பகுதியில் கயிறு கட்டி, அதை மூக்கில் ஒரு கப்பி வழியாகத் திருப்பி, கையால் இழுக்கலாம். வின்ச்சுக்கு (கயிற்றை முறுக்கி இழுக்கும் உருளைக்கு) கொண்டுபோகாதீர்கள். வின்ச்சுக்கு நாடா கிழிவது தெரியாது, உங்கள் கைக்குத் தெரியும்.

எண்ணெய், கிரீஸ், சந்தையில் கிடைக்கும் துரு நீக்கும் ஸ்பிரே எதையும் பள்ளத்தில் அடிக்க வேண்டாம். இன்றைக்கு வழுக்கும், அடுத்த வருடம் தூசியைப் பிடித்து இதைவிட மோசமான பசையாகும், பாயிலும் கறை ஏறும். உலர் டெஃப்லான் ஸ்பிரே அடிக்கலாம், அதுவும் கழுவிக் காய்ந்த பிறகு.

மூன்றாவது சாத்தியம்தான் பயப்பட வேண்டியது: ஹால்யார்ட் ஃபாயிலைச் சுற்றிக்கொண்டிருப்பது. ஸ்விவலின் மேல்பாதி சுழலாமல் நிற்க வேண்டும் என்றேன் அல்லவா? அதை நிற்க வைப்பது ஹால்யார்டின் சாய்வு. ஸ்விவலிலிருந்து ஹால்யார்ட் ஃபாயிலுக்கு இணையாகப் போகாமல், பாய்மரப் பக்கம் ஏறக்குறைய 7 முதல் 10 டிகிரி விலகிப் போக வேண்டும். பாய் குட்டையாக இருந்து ஸ்விவல் கீழேயே நின்றால் அந்தச் சாய்வு கிடைக்காது. அல்லது ஸ்விவலின் பேரிங் இறுகிப்போயிருக்கும். அப்போது பாயைச் சுருட்டும்போது ஹால்யார்டும் ஃபாயிலோடு சேர்ந்து சுற்றும், கொடி பந்தலைச் சுற்றுவதுபோல. பைனாகுலரில் பார்த்தால் நன்றாகவே தெரியும்.

என் முதல் இலையுதிர் காலத்தில் நடந்தது இதுதான். பாய் சுருள மறுத்தது. நான் ஃபர்லிங் கயிற்றை வின்ச்சில் போட்டு முறுக்கினேன். மேலே எங்கோ டிக் என்று ஒரு சத்தம். சுருண்டுவிட்டது, எனக்கு ஒரே பெருமை. இரண்டு வாரம் கழித்து கிளப்பின் கிரேனில் பாய்மரத்தை இறக்கிப் பார்த்தால், ஃபோர்ஸ்டேயின் உச்சியில் 19 இழைகளில் மூன்று அறுந்திருந்தன. ஹால்யார்ட் ஃபாயிலை இறுக்கிப் பிடிக்க, ஃபாயில் உள்ளே இருக்கும் வடத்தையும் சேர்த்து முறுக்கியிருக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் ஒரு நாள் 20 நாட் காற்றில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தேன்.

சுற்றியிருப்பதைக் கண்டால், ஹால்யார்டை நன்றாகத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிய திசைக்கு எதிராகக் கையால் திருப்புங்கள். கரையில் இருப்பவர் பைனாகுலரில் பார்த்து, அவிழ்கிறதா இறுகுகிறதா என்று சொல்லட்டும். ஒரு சுற்று, இரண்டு சுற்று என்றால் இப்படியே அவிழ்ந்துவிடும். அவிழ்ந்து பாய் இறங்கினாலும், அடுத்த பயணத்துக்கு முன் அந்த வடத்தின் உச்சியை யாராவது பார்த்தாக வேண்டும்.

நாலாவதாக ஒன்று உண்டு, அபூர்வம். ஃபாயிலைக் கீழே பிடித்திருக்கும் திருகுகள் தளர்ந்து, ஃபாயில் முழுக்க ஒரு சாண் கீழே இறங்கியிருக்கும். உச்சியில் வெறும் வடம் தெரியும். ஹால்யார்டை ஒரேயடியாக இறுக்கியிருந்தால் ஸ்விவல் ஃபாயிலின் நுனியைத் தாண்டி மேலே போய், இறங்கும்போது நுனியில் கொக்கி போட்டு உட்கார்ந்துகொள்ளும். உங்கள் பாய் இரண்டடி இறங்கிவிட்டதால் இது இல்லை. ஆனால் டிரம்முக்கு மேலே ஃபாயிலின் அடிப்பக்கம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

மேலே ஏற வேண்டி வந்தால், சிக்கிய ஹால்யார்டைப் பிடித்து ஏறாதீர்கள். பாய்மரத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய பாயின் ஹால்யார்டில் ஆள் உட்காரும் நாற்காலி, பாதுகாப்புக்கு இன்னொரு கயிறு. ஹால்யார்ட் சுற்றியிருந்தது என்றால் இன்னொரு வேலை முதலில்: ஸ்பின்னக்கர் என்ற பலூன் பாயின் ஹால்யார்டோ வேறு எதுவோ முன்பக்கம் வருவதை எடுத்து மூக்கில் கட்டி இறுக்குங்கள். ஃபோர்ஸ்டே அறுந்திருந்தால் நீங்கள் மேலே இருக்கும்போது பாய்மரத்தைப் பிடிக்க அது ஒன்றுதான் இருக்கும். இதெல்லாம் பழக்கமில்லை என்றால் பாய்மரமும் வடங்களும் பார்க்கும் ரிக்கிங் வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள். ஒரு மணி நேரக் கூலி, புதுப் பாய்மரத்தின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

எதற்கும் மசியவில்லை என்றால்? உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆன்டாரியோ ஏரிக் கிளப்புகளில் பலர் குளிர்காலத்துக்குப் பாய்மரத்தையே இறக்கி மரத் தாங்கிகளின்மேல் படுக்க வைப்பார்கள். உங்கள் கிளப்பிலும் அப்படி என்றால், பாயை இறுக்கிச் சுருட்டி, மேலே கயிற்றைச் சுருளாகச் சுற்றிக் கட்டி, கிரேன்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பாயோடு சேர்த்தே இறக்கலாம். எனக்கு இது பிடிக்காது. சுருண்ட பாயின் எடையில் ஃபாயில் வளைந்துபோகக் கூடும், காற்று அடித்தால் கிரேனில் தொங்கும்போது ஆட்டம் காட்டும். ஆனாலும் தரையில் வைத்து மூட்டைக் கழற்றிப் பாயை எடுப்பது, நாற்பதடி உயரத்தில் தொங்கிக்கொண்டு எடுப்பதைவிட எவ்வளவோ மேல். அதுவும் முடியாதபோது கத்தி. நாடாவை ஒட்டித் துணியை வெட்டி இறக்கலாம். பாய் தைப்பவர் புது நாடா வைத்துத் தருவார். 80-களின் பாய் என்றால் அந்தச் செலவுக்குத் தகுதியானதா என்று முதலில் அவரிடமே கேளுங்கள்.

மேலேயே விட்டுவிட்டால் என்ன என்று மட்டும் யோசிக்காதீர்கள். நவம்பர் காற்றில் சுருளின் ஒரு முனை பிரிந்தால் போதும். இரவு முழுக்க 300 சதுர அடித் துணி பாய்மரத்தை உலுக்கும், காலையில் துணியும் இருக்காது.

பாய் கீழே வந்த பிறகு செய்வது கொஞ்சம்தான், ஆனால் மறப்பது சுலபம். பாயின் தலையைக் கழற்றியதும் ஸ்விவலைக் கைவிடாதீர்கள். ஹால்யார்டை யாராவது இழுத்தால் அது வெறுமனே உச்சிக்கு ஏறி அங்கேயே நின்றுவிடும், இறக்க எடை இருக்காது. ஸ்விவலைக் கீழே டிரம்மோடு ஒரு சிறு கயிற்றால் கட்டி, ஹால்யார்டை லேசாக இறுக்கி வையுங்கள். ஸ்விவலைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் நன்னீரில் அலசுங்கள். கிரீஸ் வைப்பதா வேண்டாமா என்பது தயாரிப்பைப் பொறுத்தது: ஃபர்லெக்ஸ் கிரீஸ் கேட்கும், ஹார்க்கென் தண்ணீரில் கழுவினால் போதும், புரோஃபர்லில் பேரிங் மூடி முத்திரையிட்டிருக்கும், நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

துணியைப் புல்தரையில் விரித்து, தண்ணீரும் மென்சோப்பும் போட்டுக் கழுவி, முழுக்கக் காயவிட்டு மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் வசந்தத்தில் பூஞ்சணம்தான் வரவேற்கும். வெயில் காப்புத் துணியின் தையலை நகத்தால் கீறிப் பாருங்கள், துணிக்கு முன்னால் நூல்தான் மக்கும். நூல் அறுந்தால் இந்தக் குளிர்காலத்திலேயே தைக்கக் கொடுத்துவிடுங்கள். ஏப்ரலில் எல்லோரும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பார்கள். கொடுக்கும்போது நாடாவையும் மாற்றச் சொல்லுங்கள். அளவுக்குப் பழைய நாடாவில் ஒரு சாண் வெட்டிக் கொடுத்தால் போதும்.

அப்புறம், பாய் இல்லாத அந்த ஃபாயிலின் பள்ளத்தை இப்போதே சுத்தம் செய்யுங்கள். பழைய நாடாத் துண்டு ஒன்றை ஒரு முழம் எடுத்து, மேல்முனையில் ஹால்யார்டையும் கீழ்முனையில் ஒரு நீளக் கயிற்றையும் கட்டி, சோப்பில் நனைத்துப் பள்ளத்தில் செருகி, இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஓட்டினால் உள்ளே இருக்கும் அழுக்கெல்லாம் கறுப்பாக வழியும். கீழ்க்கயிறு நாடா நீளத்துக்கு இல்லாமல் பாய்மர உயரத்துக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் ஏற்றினேன். அந்தத் துண்டு நாடா அடுத்த கோடைவரை உச்சியிலேயே இருந்தது.